ஹெரால்டின் முழங்கால்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்குப் புதுச்சேரி காட்டும் முதல் முகம், கனகசெட்டிக்குளம். 'அப்பாடா, பாண்டி வந்தாச்சு' என்று சோம்பல் முறித்தால் ஏமாந்துபோவீர்கள். காலாப்பட்டைத் தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் கடந்தால்தான் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பிய்த்துப் பங்கு போட்ட வரைபடத்தின் மிச்சம் இது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரை, இந்தக் கோடு இரண்டு நாடுகளின் எல்லை.

இன்று இதே சாலையில் பழைய கார்களை ஆசை ஆசையாக ஓட்டி வருகிறார்கள். அவற்றில் ஒரு 'ஸ்டாண்டர்டு ஹெரால்ட்' தென்பட்டால் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். அது நம்ம மெட்ராஸ்காரர்!

பிரிட்டனில் 'டிரையம்ஃப் ஹெரால்ட்' என்ற பெயரில் 1959-ல் வெளிவந்த கார் அது. உடலை வரைந்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் மெட்ராஸுக்கு அருகில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் - அன்றைய இந்தியாவில் கார் என்றாலே இந்த மூன்றுதான்.

ஹெரால்டுக்கு இரண்டு வித்தைகள் தெரியும். ஒன்று, பானெட் மட்டுமல்ல, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாகத் திறந்து கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இரண்டு, சுமார் 25 அடி விட்டத்துக்குள் ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். குறுகலான தெருவில் கிட்டத்தட்ட ஆட்டோ மாதிரி!

அந்த இரண்டாவது வித்தையின் சூட்சுமம் முன் சஸ்பென்ஷனில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டுக்கு மேலே ஒரு பால் ஜாயின்ட். கீழே மரை போட்ட பித்தளை நிறக் கட்டை ஒன்று. அதன் பெயர் டிரன்னியன். தண்டு அந்த மரைக்குள் இறங்கி நிற்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம், போல்ட் நட்டுக்குள் சுழல்வதுபோல அது சுழலும். இடது சக்கரத்துக்கு ஒரு திசை மரை, வலது சக்கரத்துக்கு எதிர்த்திசை மரை. காரின் முழங்கால் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த முழங்காலுக்கு ஒரு விசித்திரமான பிடிவாதம். அதற்கு கிரீஸ் ஆகாது. கியர்பாக்ஸுக்கு ஊற்றுவது போன்ற கெட்டியான 90-ம் நம்பர் எண்ணெய்தான் வேண்டும் என்று கம்பெனியின் கையேடே சொன்னது. ஆனால், அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கிரீஸ் கன் அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கிரீஸ் போய் அடைத்துக்கொண்டால் மரையின் அடிவரை எதுவும் இறங்காது. தண்ணீர் மட்டும் எப்படியோ இறங்கிவிடும். துரு பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் தண்டு பட்டென்று முறிந்து, சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். அது மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் புண்ணியம். ஈ.சி.ஆரில் எண்பதில் போகும்போது நடந்தால்?

இத்தனைக்கும் அந்த வடிவமைப்பு சோப்ளாங்கி அல்ல. ஹெரால்டின் முன்கால்களைக் கடன் வாங்கித்தான் பந்தயப் புகழ் பெற்ற லோட்டஸ் கம்பெனி, 1962-ல் வந்த தன் 'எலான்' காருக்குப் பொருத்தியது. எண்ணெய் போட்டவர்களுக்கு அது உழைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

மெட்ராஸ் கம்பெனி, நம் ரோடுகளுக்குச் சரிப்படாத பின்பக்க அச்சை மாற்றி 1972-ல் 'கெஸல்' என்று ஒரு கார் விட்டது. 1977-ல் அதுவும் நின்றது. 1985-ல் ரோவர் காரைத் தழுவி 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. எடுபடவில்லை. 1988-ல் ஆலைக்கே பூட்டு. 2006-ல் ஏலம். அப்போது கிடந்த ரோவர் உதிரி பாகங்களை பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று மொத்தமாக அள்ளி, இங்கிலாந்துக்கே கொண்டுபோனது. அங்கே பழைய ரோவர் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்!

இங்கே ஹெரால்ட் வைத்திருப்பவர்களின் கதை தலைகீழ். புதுப்பேட்டையில் சலித்துத் தேடினாலும் கிடைப்பது பெரும்பாலும் யாரோ கழற்றிப்போட்ட தேய்ந்த சரக்குதான். நல்லவேளையாக, இதே குடும்பத்து 'ஸ்பிட்ஃபயர்' கார் 1980 வரை பிரிட்டனில் ஓடிவந்ததால் டிரன்னியன், புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் அங்கே இன்னமும் புதிதாகவே விற்கிறார்கள். சுங்கவரி கட்டி வரவழைக்க வேண்டியதுதான். டிரன்னியனை லேத் பட்டறையில் கடைந்துகூடச் சமாளித்துவிடலாம். அந்த எஃகுத் தண்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அது அடித்து உருவாக்கிய பாகம். மரையில் துரு தின்ற தடம் தெரிந்தால், வெல்டிங் வைக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பொருத்துவதிலும் பக்குவம் உண்டு. டிரன்னியனைக் கடைசிவரை முறுக்கிவிட்டு, பிறகு சற்றே தளர்த்த வேண்டும். இல்லையென்றால் சக்கரம் முழுசாகத் திரும்பாது. கீழ்க்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளை எண்ணி வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் திருப்பிப் போட வேண்டும். சக்கரத்தின் சாய்வு அவற்றில்தான் இருக்கிறது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் தரையில் தன் எடையோடு நின்ற பிறகே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும்.

கடைசியாக, எண்ணெய். ஒருமுறை ஊற்றிவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் அல்ல அது. மழையில் ஓட்டினீர்களா, மறுபடி ஊற்றுங்கள். ஆலை போய்விட்டது, கம்பெனி போய்விட்டது. அந்தக் கையேட்டின் ஒரு வரி மட்டும் இன்னும் உயிர் காக்கிறது.