முதுமையில் எலும்பு, தசை இழப்பும் உடற்பருமனும்: ஒரு கூட்டு நிலையின் வரலாறு

ஆஸ்டியோசார்கோபீனிக் பருமன் என்பது எலும்பின் அடர்த்தி குறைதல், தசையின் அளவும் வலிமையும் குறைதல், உடற்கொழுப்பு மிகுதல் ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படும் நிலையாகும். இது பெரும்பாலும் முதியோரிடமும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடமும் காணப்படுகிறது. இப்பெயர் 2014-ஆம் ஆண்டில்தான் மருத்துவ இதழ்களில் முன்வைக்கப்பட்டது. ஆனால் அதன் மூன்று கூறுகளும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துறையினரால், வெவ்வேறு அளவுகோல்களோடு உருவானவை. எலும்பை ஒரு துறை பார்த்தது. எடையை வேறொரு துறை பார்த்தது. தசையை நெடுங்காலம் எந்தத் துறையும் தனக்குரியதாகக் கொள்ளவில்லை. இந்தப் பிரிவினையின் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. எடை மிகுந்த முதியவருக்கு "உணவைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியபோது, அவருடைய எலும்புக்கும் தசைக்கும் என்ன நேர்ந்தது என்பது நெடுங்காலம் முறையாக அளந்து பார்க்கப்படவில்லை என்றே கூறலாம்.

எலும்புப்புரை

முதியோரின் எலும்பு எளிதில் முறியும் என்பது பழங்காலம் முதலே மக்கள் அறிந்தது. அதை மருத்துவ நூலில் தெளிவாகப் பதிந்தவர்களுள் முதன்மையானவர் இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். மூட்டு விலகல், எலும்பு முறிவு பற்றி 1820-களில் வெளிவந்த நூலில், தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிவது பெரிதும் முதியோருக்கே, அதிலும் பெண்களுக்கே நேர்கிறது என்றும், அவ்வயதில் எலும்பு மெலிந்து விடுவதே அதற்குக் காரணம் என்றும் அவர் எழுதினார். அதே நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் நோயியலாளர் ழான் லோப்ஸ்டைன், துளைகள் பெருகிய எலும்பைக் குறிக்க ஆஸ்டியோபோரோசிஸ் என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் எலும்புப்புரை எனப்படுவது இதுவே. அன்று அது பிணக்கூராய்வு மேசையில் கண்ட தோற்றத்தின் பெயர் மட்டுமே. ஒரு நோயின் பெயராக இருக்கவில்லை.

அதை நோயாக்கியவர் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பி வல்லுநர் புல்லர் ஆல்பிரைட். 1940-இல் அவர் ஆராய்ந்த 65 வயதுக்குட்பட்ட 42 எலும்புப்புரை நோயாளிகளில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம் என அவர் முடிவு செய்தார். அந்த முடிவு சரியானது. ஆயினும் அதன் பக்கவிளைவாக எலும்புப்புரை சுரப்பி மருத்துவத்தின் உடைமையாயிற்று. எலும்பைப் பற்றி இழுத்து அசைக்கும் தசையின் பங்கு அதன்பின் பல பத்தாண்டுகள் ஓரத்திலேயே கிடந்தது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை வடிவமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதியிருந்தார் என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

அடுத்த தடை அளவீடு. சாதாரண எக்ஸ்-ரே படத்தில் எலும்பிழப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ 30 விழுக்காடு எலும்பு போயிருக்க வேண்டும். 1963-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் கேமரூனும் ஜேம்ஸ் சோரன்சனும் ஒற்றை ஃபோட்டான் கதிர்முறையால் கைகால் எலும்பின் தாது அளவைக் கணக்கிட்டனர். 1987-இல் இரண்டு ஆற்றல் நிலைகளில் எக்ஸ்-கதிரைச் செலுத்தும் டெக்சா கருவி விற்பனைக்கு வந்தது. 1994-இல் உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வுக்குழு ஓர் எல்லையை வகுத்தது. இளம்பெண்களின் சராசரியை விட எலும்பு அடர்த்தி 2.5 திட்ட விலக்கம் அல்லது அதற்கும் மேல் குறைந்தால் அது எலும்புப்புரை, 1-க்கும் 2.5-க்கும் இடைப்பட்டால் எலும்பு மெலிவு.

எடையும் அதன் குறியீட்டெண்ணும்

உடற்பருமனின் அளவுகோல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் முறையைத் தந்தவர் பெல்ஜியத்தின் வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே. 1835-இல் வெளிவந்த நூலில் அவர் தேடியது "சராசரி மனிதனை". பருமன் அவருடைய கேள்வியே அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் எடை அட்டவணைகளை வெளியிட்டன. 1972-இல் மின்னசோட்டாவின் உடலியங்கியலாளர் ஆன்செல் கீஸ், கெட்லேயின் வகுத்தலை மீட்டெடுத்து, உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) எனப் பெயரிட்டார். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்டோரின் தரவை அவர் ஒப்பிட்டார். அவர்கள் அனைவரும் ஆண்கள்.

இவ்வெண்ணுக்கு ஒரு பெருங்குறை உண்டு. எடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று அது சொல்லாது. 40 வயதில் 65 கிலோ இருந்த ஒருவர் 70 வயதிலும் 65 கிலோ இருப்பதாகக் கொள்வோம். இடையில் ஆறு கிலோ தசை போய் ஆறு கிலோ கொழுப்பு சேர்ந்திருந்தாலும் எடைக்கருவி காட்டுவது ஒன்றே. அவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார். முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைந்திருந்தாலோ கணக்கு வேறுவகையில் பிசகும்.

தெற்காசியரிடம் இக்குறை இன்னும் கூர்மையானது. 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யூட்கின் இருவரும் தங்கள் ஒளிப்படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினுடையது 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மறைந்திருக்கலாம் என்பதை எந்த அட்டவணையைவிடவும் அந்தப் படம் எளிதாக விளக்கிற்று. 2009-இல் இந்திய வல்லுநர்கள் கூடி, இந்தியருக்கு 23 முதல் மிகையெடை எனவும் 25 முதல் பருமன் எனவும் எல்லையைக் கீழிறக்கினர். உலக அளவில் அவ்வெல்லைகள் 25-உம் 30-உம் ஆகும்.

பெயரில்லாத தசை

மூன்றனுள் கடைசியாகப் பெயர் பெற்றது தசையிழப்பு. முதியோரின் கைகால் தசைகள் மெலிவதை இலண்டன் நரம்பியலாளர் மெக்டொனால்டு கிரிட்ச்லி 1931-இல் விவரித்திருந்தார். ஆயினும் அது முதுமையின் இயல்பு என்றே கொள்ளப்பட்டது. வயதானால் தள்ளாமை வரும் என்பதில் ஆராய என்ன இருக்கிறது என்பதே பொது மனநிலை.

1988-இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் முதியோர் உடல்நலம், ஊட்டம் பற்றிய அளவீடுகளுக்காக ஒரு கூட்டம் நடந்தது. அதில் பாஸ்டன் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் இர்வின் ரோசன்பர்க், வயதேறும்போது நிகழும் சரிவுகளில் தசையிழப்பைப்போல் பெரியது வேறில்லை என்றும், அதற்கு ஒரு பெயர் இல்லாததாலேயே அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்றும் வாதிட்டார். கிரேக்க மொழியிலிருந்து இரண்டு பெயர்களை அவர் எடுத்துவைத்தார். அவற்றுள் நிலைத்தது சார்கோபீனியா. சதைக் குறைவு என்பது அதன் பொருள். பெயர் வந்தால் ஆய்வும் வரும் என்ற அவருடைய கணிப்பு பலித்தது. 1998-இல் ரிச்சர்டு பாம்கார்ட்னர் குழுவினர் நியூ மெக்சிகோ முதியோரிடம் கைகால் தசையை டெக்சாவால் அளந்து, முதல் எல்லைகளை வகுத்தனர். தசை குறைந்து கொழுப்பு மிகுந்தவர்களைத் தனியாகக் குறிக்கும் "சார்கோபீனிக் பருமன்" என்ற வகையும் அந்தப் பத்தாண்டிலேயே தோன்றியது.

தசையைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விக்கு அதற்கு முன்பே பாஸ்டனில் ஒரு விடை கிடைத்திருந்தது. 1990-இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் முதியோர் இல்லம் ஒன்றிலிருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். இத்தனை வயதில் இது ஆபத்து என்ற அச்சம் அன்று பரவலாக இருந்தது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு பெருகியது. நான்கு ஆண்டு கழித்து 100 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுத்தால் வலிமை கூடவில்லை, பயிற்சியோடுதான் கூடிற்று.

அளவும் வலிமையும் ஒன்றல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. 70 முதல் 79 வயதுடைய அமெரிக்கர்களை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று, தசையின் அளவு குறைவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் வலிமை குறைவதை 2006-இல் காட்டியது. ஐரோப்பிய வல்லுநர் குழு 2018-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, கைப்பிடி வலிமையை முதலிலும் தசை அளவை அடுத்தும் வைத்ததற்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை.

ஒரே கருவி, மூன்று அறிக்கைகள்

இங்கு ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். டெக்சா கருவி முழு உடலையும் ஒருமுறை வருடினால் எலும்பின் தாது, கொழுப்பு, தசை உள்ளிட்ட மென்திசு என்ற மூன்று எண்களையும் சேர்த்தே தரவல்லது. 1990-களிலேயே இது இயன்றது. ஆயினும் எலும்பு மருத்துவர் இடுப்பையும் முதுகெலும்பையும் மட்டும் படமெடுத்துத் திருப்தியடைந்தார். மற்ற இரண்டு எண்களைக் கேட்க ஆளில்லை.

மூன்றும் உள்ளே பிணைந்திருப்பதற்கான சான்று அதைவிடப் பழையது. சோவியத் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960-களில் எலும்பு மஜ்ஜையில் எலும்பை உருவாக்க வல்ல மூல உயிரணுக்களைக் கண்டறிந்தார். இவ்வகை உயிரணுக்கள் கொழுப்பணுவாகவும் மாறக்கூடியவை என்பது பின்னர் தெரிந்தது. 1971-இல் பிரான்சின் பியேர் மெனியே குழுவினர் 84 இடுப்பெலும்புத் துண்டுகளை ஆராய்ந்து, எலும்புப்புரை கண்டவர்களின் மஜ்ஜையில் கொழுப்பு மிகுந்திருப்பதைக் கண்டனர். எலும்பு குறையும் இடத்தில் கொழுப்பு குடியேறுகிறது என்பது இதன் பொருள். முதுமையில் தசை இழைகளுக்கிடையிலும் இவ்வாறே கொழுப்பு படிகிறது.

இச்சான்றுகள் பெரிதாக எடுபடாததற்குக் காரணம், "பருத்தவருக்கு எலும்பு வலிது" என்ற நம்பிக்கை. அது முற்றிலும் தவறன்று. மிகுந்த எடை எலும்பின்மேல் சுமையேற்றுகிறது. கொழுப்புத் திசு ஓரளவு ஈஸ்ட்ரோஜனையும் உண்டாக்குகிறது. எலும்பு அடர்த்தியும் கூடுதலாகவே தெரியும். ஆனால் பத்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 60,000 பெண்களிடம் நடந்த குளோ என்ற ஆய்வு 2011-இல் வேறொன்றைக் காட்டியது. பருமனுள்ள பெண்களுக்கும் எலும்பு முறிவு குறைவன்று. கணுக்காலிலும் மேற்காலிலும் மிகுதி. எண்ணிக்கையில் அடர்ந்த எலும்பு, வலுவில்லாத தசையோடு தடுமாறி விழும் கனத்த உடலைத் தாங்கவில்லை.

2013-இல் விஸ்கான்சினின் நீல் பிங்க்லி, எலும்புப்புரை, தசைக்குறைவு, மிகைக்கொழுப்பு, மெதுநடை, வலுவற்ற பிடி, விழுந்த வரலாறு ஆகிய ஆறனுள் மூன்று இருந்தால் அதை "இயக்கக் குறைபாட்டுத் தொகுப்பு" எனலாம் என்றார். மறு ஆண்டு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாஸ்மின்கா இலிச் குழுவினர் ஆஸ்டியோசார்கோபீனிக் பருமன் என்ற பெயரை முன்வைத்தனர். எலும்புப்புரை வரை காத்திராமல் எலும்பு மெலிவு நிலையையே அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டனர். இலிச் குழு பின்னாளில் "பருமன்" என்பதை நீக்கி "கொழுப்பு மிகை" என்ற பொருளுள்ள சொல்லை வைத்தது. எடை மிகாதவரிடமும் எலும்பிலும் தசையிலும் கொழுப்பு படியக்கூடும் என்பதே காரணம்.

எடை குறைப்பின் விலை

இந்தப் பெயர்ச் சர்ச்சைகளை விட நோயாளிக்கு முதன்மையானவை டென்னிஸ் வில்லாரியல் குழுவினரின் இரண்டு ஆய்வுகள். 2011-இல் வெளியான முதல் ஆய்வில், 65 வயதைக் கடந்த பருமனுள்ள 107 பேர் ஓராண்டு பங்கேற்றனர். உணவைக் குறைத்தவர்களின் எடை 10 விழுக்காடும், உணவுக் குறைப்போடு பயிற்சியும் செய்தவர்களின் எடை 9 விழுக்காடும் இறங்கிற்று. எடைக்கருவியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் உணவை மட்டும் குறைத்தவர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் 2.6 விழுக்காட்டையும், கொழுப்பல்லாத உடல் நிறையில் 5 விழுக்காட்டையும் இழந்தனர். பயிற்சியும் சேர்ந்தபோது இவ்விழப்பு முறையே 1.1, 3 விழுக்காடாகக் குறைந்தது. நடத்தல், எழுதல் போன்ற உடலியக்கத்திலும் இரண்டும் சேர்ந்த குழுவே மிகுதியாக முன்னேறியது.

எந்தப் பயிற்சி என்ற கேள்விக்கு 2017-இல் 160 பேரிடம் நடந்த இரண்டாம் ஆய்வு விடை தந்தது. பயிற்சிக் குழுக்களில் இருந்த அனைவரும் எடை குறைப்புத் திட்டத்திலும் பங்கேற்றனர். மூச்சிரைக்கும் ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்கள் இடுப்பெலும்பில் 3 விழுக்காட்டை இழந்தனர். எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள் அரை விழுக்காட்டை இழந்தனர். இரண்டையும் செய்தவர்கள் 1 விழுக்காட்டை இழந்தனர். உடலியக்கத்தில் இரண்டையும் செய்தவர்களே முந்தினர். முதியோருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் "தினமும் நடந்தால் போதும்" என்ற அறிவுரை, எடை குறைக்க முனைவோரைப் பொறுத்தவரை போதாது என்பதே இதன் முடிவு.

நோய்ப் பட்டியலில் மூன்றும் இன்றும் தனித்தனியே நிற்கின்றன. எலும்புப்புரைக்கும் பருமனுக்கும் முன்பே குறியீடுகள் இருந்தன. தசையிழப்புக்கு அமெரிக்கப் பட்டியலில் 2016 அக்டோபரில் இடம் கிடைத்தது. 2022-இல் ஐரோப்பிய ஊட்டவியல், பருமன் அமைப்புகள் இரண்டும் கூடிச் சார்கோபீனிக் பருமனுக்குப் பொது வரையறை தந்தன. அதில் எலும்பு இடம்பெறவில்லை.