ஆன்டெனாவிலிருந்து பாஸ்வேர்டு வரை

திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் பக்கத்தில் இருக்கும் என் வயதுக்காரர்கள், ஐம்பது வருஷத்தில் டிவி பார்ப்பதற்கு நாலு தரம் புதிதாகப் பாடம் படித்திருக்கிறோம். முதலில் மொட்டை மாடி ஆன்டெனா, பிறகு கேபிள், பிறகு செட்டாப் பாக்ஸ், இப்போது ஓடிடி என்கிறார்கள். ஒவ்வொரு தரமும் "இது ரொம்ப சுலபம் சார்" என்றுதான் சொன்னார்கள். அந்த நாலு பாடங்களின் சரித்திரத்தை, கிழவர் கிழவிகள் பக்கம் நின்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தேதி போட்டு எழுதாவிட்டால் தூக்கம் வராது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கறுப்பு வெள்ளை, சாயங்காலம் சில மணி நேரம் மட்டும். ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டியது போல டிவிக்கும் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிப் புத்தகத்தில் குறித்து வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது நின்றது. சாலிடர், டயனோரா செட்டுகள் மரப்பெட்டிக்குள் மடக்குக் கதவோடு வரும். தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்துக்கு அந்த வீட்டுத் திண்ணை, ஜன்னல் எல்லாம் தலைகள்.

எங்கள் பக்கத்துக்கென்று இரண்டு தனிக் கஷ்டங்கள் உண்டு. ஒன்று உப்புக்காற்று. அலுமினியக் குழாய் தாங்கினாலும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பும் போல்ட்டும் துருப்பிடித்துவிடும். காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிட்டால் படத்தில் புள்ளி மழை. ஒருவர் மாடியில், ஒருவர் மாடிப்படியில், ஒருவர் டிவி முன்னால் என்று மூன்று பேர் கத்தினால்தான் படம் திரும்பும். இரண்டாவது ஷிப்ட். அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, துறைமுகம் என்று பாதி ஆண்பிள்ளைகள் சங்கு ஊதும் நேரத்துக்கு வாழ்ந்தவர்கள். இரண்டாம் ஷிப்ட் விழுந்த வாரத்தில் வெள்ளிக்கிழமைப் பாட்டு போச்சு, ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓவர்டைமில் போச்சு. டிவிக்காக சங்கு காத்திருக்காது, சங்குக்காக டிவியும் காத்திருக்காது. 1987 ஜனவரியில் ராமாயணம் தொடர் ஆரம்பித்தபோது ஞாயிறு காலை வேலைக்குப் போனவர்கள், வீட்டுப் பெண்கள் சொல்லும் கதையைக் கேட்டுத்தான் திருப்திப்பட்டார்கள். அதுவும் இந்தியில் ஓடியதை அவர்கள் தமிழில் சொன்ன கதை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். காரைக்காலில் உறவு உண்டு. இங்கே ஒரே தூர்தர்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, இலங்கையின் ரூபவாஹினியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம். லீவுக்குப் போனால் எங்களுக்கு அதுதான் வெளிநாடு.

அடுத்த பாடம் கேபிள். வீடியோ டெக் வைத்து நாலு வீட்டுக்கு ஒயர் இழுத்த பையன்கள்தான் அதன் பிதாமகர்கள். 1991இல் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியது, அதே ஆண்டு ஸ்டார் டிவி வந்தது, 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதோடு மொட்டை மாடி ஆன்டெனாக்கள் கொடிக்கயிறு கட்டும் கம்பங்களாயின. சட்டம் 1995இல்தான் வந்தது. ஒயர் அதற்கு முன்பே எல்லா மின்கம்பத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது.

கேபிளைக் கற்றுக்கொள்ள யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. காரணம் கேபிள்காரர். மாதம் பிறந்தால் அட்டையோடு வீட்டுக்கு வருவார், பணம் வாங்குவார், டிக் அடிப்பார். படம் தெரியவில்லை என்றால் குரல் கொடுத்தால் போதும். சேனல் மாறி உட்கார்ந்துவிட்டால் அவரே ட்யூன் செய்து, "ஆயா, நாலாம் நம்பர் உங்க சீரியல், ஏழு பழைய பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த நம்பர்கள் மனப்பாடம். லோக்கல் சேனலில் பிறந்தநாள் வாழ்த்தும் வரும், கண்ணீர் அஞ்சலியும் வரும். தெருவில் யார் போனார்கள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட நாட்கள் உண்டு. பிரெஞ்சில் டிவி சேனலுக்கு 'ஷேன்' என்று பெயர். சங்கிலி என்று அர்த்தம். கேபிள் காலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஒரு முனை டிவியில், மறுமுனை கேபிள்காரர் வீட்டில்.

மூன்றாவது பாடத்தில்தான் சென்னை அகில இந்தியப் பெயர் எடுத்தது. இது பலருக்கு மறந்துபோயிருக்கும். மத்திய அரசு 2002 கடைசியில் கேபிள் சட்டத்தைத் திருத்தி, நான்கு பெருநகரங்களிலும் 'கேஸ்' என்ற முறையைக் கொண்டுவருவதாக அறிவித்தது. கட்டணச் சேனல்கள் பூட்டி வரும். பூட்டைத் திறக்க வீட்டில் ஒரு பெட்டி வாங்க வேண்டும். பெட்டி இல்லாதவர்களுக்குக் குறைந்தது 30 இலவசச் சேனல்கள், மாதம் 72 ரூபாய், வரி தனி. 2003 ஜூலையில் என்றார்கள், செப்டம்பர் 1க்குத் தள்ளினார்கள். அந்தத் தேதி வந்தபோது டெல்லி பின்வாங்கியது. அங்கே சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மும்பையும் கொல்கத்தாவும் நழுவின. மாணவன் போலச் சொன்ன தேதியில் போய் வகுப்பில் உட்கார்ந்தது சென்னை மட்டும்தான். மற்ற மூன்று நகரங்களில், அதுவும் சில பகுதிகளில் மட்டும், இது அமலானது 2006 டிசம்பர் 31 அன்று, நீதிமன்றம் சொன்ன பிறகு.

அந்த 2003 செப்டம்பரில் எங்கள் தெருவில் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ரிடையர் ஆன ஒருவர் கேபிள்காரரைப் பிடித்துக்கொண்டு, "இன்னாபா, நேத்து வரைக்கும் வந்துனு இருந்தது இன்னிக்கு பூட்டிகினா, சாவி யார்கிட்ட கீது?" என்றார். "பொட்டில கீது பெரியவரே." "பொட்டி இன்னா விலை?" விலை சில ஆயிரம். அவருடைய பென்ஷனுக்கு அது அதிகம். தமிழ்ச் சேனல்களில் பெரும்பாலானவை பெட்டி இல்லாமலே வந்ததால் எங்கள் பக்கத்தில் பெட்டி வாங்கியவர்கள் மிகக் கொஞ்சம். பூட்டில் மாட்டியது முக்கியமாக விளையாட்டும் ஆங்கிலமும். கிரிக்கெட் கிழவர்கள்தான் பாவம். டீக்கடை டிவிக்குத் திரும்பினார்கள்.

இந்தப் பூட்டு சாவி விஷயம் எனக்குப் புதிதாகப் படவில்லை. பிரான்சில் கனால் ப்ளூஸ் என்ற கட்டணச் சேனல் 1984 நவம்பர் 4 அன்றே இப்படித்தான் தொடங்கியது. சந்தா கட்டியவருக்கு டிகோடர் பெட்டி, கட்டாதவருக்குக் கலங்கிய படம். ஆனால் தினமும் சில மணி நேரம் பூட்டில்லாமல் எல்லோருக்கும் காட்டுவார்கள், ஆசை காட்டுவதற்கு. நம் ஆட்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி இலவசக் கலர் டிவி வந்தது. டிவி இலவசம், அதில் படம் வர மாதாமாதம் பணம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டிவி 70 ரூபாய்க்கு வெளிமாவட்டங்களில் தொடங்கி, அடுத்த வருஷம் சென்னைக்கு வந்தது. 2012 அக்டோபர் 31க்குள் நான்கு பெருநகரங்களும் முழு டிஜிட்டல் என்று மறுபடி ஒரு கெடு. சென்னையில் வழக்கு, தள்ளிவைப்பு. கடைசியில் பெட்டி எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது, கூடவே இரண்டாவது ரிமோட்டும். டிவிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. எதில் சத்தம், எதில் சேனல் என்று தெரியாமல் எத்தனை வீட்டில் நீலத்திரை! ரிமோட்டில் தொடக்கூடாத பட்டன்களின் மேல் பேரப்பிள்ளைகள் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

2019 பிப்ரவரி 1 முதல் டிராய் புது விதி. அப்போது 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 பைசா. அதற்கு மேல் வேண்டிய சேனலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தொகுப்பில் வரும் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது. சட்டமாகப் படித்தால் நுகர்வோருக்கு நியாயம். நடைமுறையில் எண்பது வயது அம்மாவிடம் ஒரு பட்டியலை நீட்டி "டிக் போடுங்க" என்றார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தவர்கள், பட்டியலைப் படித்துச் சொல்ல ஆள் கொடுக்கவில்லை. மனப்பாடம் செய்த சேனல் நம்பர்களும் மாறின. என் கணக்கில் கிழவர்களுக்கு விழுந்த பெரிய அடி அதுதான், ஓடிடி அல்ல.

நாலாவது பாடத்துக்கு யாரும் கெடு வைக்கவில்லை. ஹாட்ஸ்டார் 2015இல் வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து டேட்டா மலிந்தது. அந்த டிசம்பர் 12இல் வர்தா புயல் கேபிள் ஒயர்களை அறுத்துப் போட்டபோது, செல்போனில் படம் பார்க்கலாம் என்பதைப் பல வீட்டுப் பெரியவர்கள் முதல் தடவை பார்த்தார்கள். ஆனாலும் உண்மையில் எங்களைத் தள்ளிவிட்டது 2020 ஊரடங்கு. மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டது. வீடே கூடி உட்கார்ந்து பார்த்த பழைய பாணியின் கடைசி வரவு என்று எனக்குப் பட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 29 அன்று, 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். தண்டையார்பேட்டையில் 1967இல் திறந்த அகஸ்தியா தியேட்டர் அந்த வருஷமே மூடப்பட்டது. அங்கே படம் பார்த்து வளர்ந்தவர்கள், மகன் கொடுத்த போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இதில் கஷ்டம் என்ன? பட்டன் அல்ல. நாலு அம்புக்குறி, நடுவில் ஓகே, ஒரு வீட்டுப் படம், ஒரு மைக். பழைய ரிமோட்டைவிடப் பட்டன் குறைவு. மைக்கை அமுக்கி "கண்டசாலா பாட்டு" என்று தமிழில் சொன்னால் வருகிறது. கஷ்டம் எண்ணத்தில். ஆன்டெனா காலத்திலிருந்து கேபிள் வரை டிவி தானாக ஓடிக்கொண்டிருக்கும். நாம் போய்ச் சேர்ந்துகொள்வோம். ஓடிடியில் நாம் கேட்டால்தான் ஓடும். பெட்டியைப் போட்டதும் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று திரை கேட்கிறது. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டிராத அம்மாக்கள் திகைத்துப் போவது நியாயம்தானே?

ஆனால் பதில் சொல்லப் பழகிவிட்டால் விடமாட்டார்கள். எங்கள் தெருவில், கணவர் லேலண்டில் இருந்து காலமான ஒரு அம்மா, மத்தியானம் இரண்டு மணிக்கு முந்தின நாள் சீரியலைப் போட்டுப் பார்க்கிறார். "அவரு ஷிப்டு மாறி மாறி போயி, எனக்கு ஒரு கதைகூட முழுசா பாத்த ஞாபகம் இல்ல தம்பி. இப்பத்தான் நான் சொல்ற நேரத்துக்கு கதை வருது" என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஆள் இருக்கிறது என்பது தனி சந்தோஷம். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கரையில் இருக்கும் பெரியவர்கள் போனில் ஐ.பி.எல். பார்க்கிறார்கள், 2003இல் பூட்டிய கிரிக்கெட், கைக்கே வந்துவிட்டது.

இன்னொரு கஷ்டம் பணமும் பெயரும். கேபிள் அட்டை வீட்டுப் பெரியவர் பெயரில் இருந்தது. ஓடிடி சந்தா, பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் பெயரில். ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகும். இரவு ஒன்பது மணிக்கு வெளியே தள்ளிவிட்டால், அவனுக்கு மீட்டிங் முடியும்வரை படம் இல்லை. பிள்ளையிடம் டிவி பார்க்க அனுமதி கேட்பது போல இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. தன் பெயரில் எடுத்தவர்களுக்குத் தானாகப் பணம் கழிந்துவிடுமோ என்ற பயம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து அமல்படுத்திய விதிப்படி, இப்படிப்பட்ட தானியங்கிக் கழிவுக்கு ஒரு நாள் முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். வேண்டாமென்றால் அப்போதே நிறுத்தலாம். சந்தாவே இல்லாமல் பார்க்க யூடியூப் இருக்கிறது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செயலியைத் தொடங்கியது. அதில் தூர்தர்ஷன் சேனல்கள் வருகின்றன. நம் பழைய பொதிகை இப்போது டிடி தமிழ்.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று ஒப்பிட்டால் கொஞ்சம் வயிறு எரிகிறது. பிரான்ஸ் தரைவழி டிவியை முழுக்க டிஜிட்டலாக்கி 2011 நவம்பரில் முடித்தது. அப்போது எழுபது தாண்டியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, பெட்டியை மாட்டி ட்யூன் செய்து சொல்லிக்கொடுக்க அரசுச் செலவில் ஆள் அனுப்பினார்கள். பிரிட்டனில் 75 வயதானவர்களுக்கு பி.பி.சி. நடத்திய உதவித் திட்டம் இருந்தது. அவர்கள் பணக்கார நாடு என்று சொல்லலாம். நாமும் கோடிக்கணக்கில் டிவி செட்டைக் கொடுத்தவர்கள்தான். செட் கொடுக்க ஃபைல் நகர்ந்தது. சொல்லிக்கொடுக்க ஒரு ஆளை அனுப்ப ஃபைலே திறக்கவில்லை.

எங்கள் பகுதியில் அந்த வேலையை இப்போது செய்வது பழைய கேபிள்காரர்தான். கேபிள் இணைப்பு குறைந்ததும் ஃபைபர் நெட் ஏஜென்சி எடுத்துவிட்டார். அதே மின்கம்பம், அதே ஏணி, கறுப்பு ஒயருக்குப் பதில் மெல்லிய ஒயர். தலை நரைத்துவிட்டது; மகன் உடன் வருகிறான். மோடத்தை மாட்டி, பாஸ்வேர்டை அவனே அடித்து, அதைப் பெரிய எழுத்தில் தினசரி காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறான். "தாள் கிழிச்சு முடிச்சாலும் அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க ஆயா" என்று இரண்டு தரம் சொன்னான். மாதப் பணத்தை ஜி-பேயில் வாங்கலாம்தான். இருந்தாலும் ஐந்தாம் தேதிக்குள் நேரில்தான் வருகிறார்கள். அட்டை போய் இப்போது ரசீது புத்தகம்.