விழியசைவும் உள்ளத்துக் காயமும்

உடலிற் பட்ட காயத்தை ஊரார் காண்பர். உள்ளத்திற் பட்ட காயத்தையோ அதனைச் சுமப்பவரே முழுதும் அறியார். அதுவும் காயமே, அதற்கும் வைத்தியம் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது. அவ்வரலாற்றையும், அது நம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு உணர்த்துவதையும் இன்று சிந்திப்போம்.

முதலாம் உலகப் போரில், குண்டு வெடித்த இடத்தில் நின்ற வீரர் சிலருக்கு உடலில் ஊறு ஏதுமின்றியே நினைவும் பார்வையும் குன்றின. 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய உளவியலறிஞர் இதனை மருத்துவ ஏடொன்றில் விவரித்தார். ஆயினும் அவ்வீரரைக் கோழைகள் என்று இகழ்ந்தோர் பலர். வியட்நாம் போர் முடிந்தபின், 1980இலேதான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இதனைத் தனியொரு நோயாகத் தன் நூலிற் சேர்த்தது.

1987இல் பிரான்சின் ஷப்பீரோ என்னும் அமெரிக்க அம்மையார், பூங்காவொன்றில் உலவும்போது, தம் விழிகள் இருபுறமும் விரைந்து அசைய, மனத்தை வருத்திய நினைவின் கூர்மை மழுங்கியதைக் கண்டதாகக் கூறினார். 1989இல் 22 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். அவர் வகுத்த முறையில் எட்டுப் படிகள் உள. நோயாளி தம்மை வருத்தும் காட்சியை மனத்தில் நிறுத்தியவாறே, வைத்தியரின் அசையும் விரலை விழிகளாற் பின்தொடர்வார். சற்று நிறுத்தி, தோன்றியதைச் சொல்வார், மீண்டும் தொடர்வார். நினைவு அழிவதில்லை, அதன் கொடுமை தணிகிறது.

மனம் ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்யும்போது காட்சியின் தெளிவு குறைகிறது என்பர் ஒரு சாரார். விழியசைவு வேண்டியதே இல்லை, அஞ்சிய நினைவைப் பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வதே மருந்து என்பர் மறுசாரார். வாதம் ஓயவில்லை, எனினும் 2013இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையையும் பரிந்துரைத்தது.

2001ஆம் ஆண்டுக் குஜராத் நிலநடுக்கத்தின் பின்னர் இந்தியாவிலும், 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிய பின்னர் இலங்கையிலும் இதற்கான பயிற்சிகள் நடைபெற்றன. அக்காலத்தில் வடகிழக்கு அகதிமுகாமொன்றில் 31 சிறுவரிடம் வேறு இரு முறைகளும் சோதிக்கப்பட்டன. ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை முறையாக எடுத்துரைத்தனர். மற்றையோர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இருசாராரிலும் பெரும்பாலோர் நலமடைந்தனர் என 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிகிச்சை அளித்தோர் பயிற்சி பெற்ற உள்ளூரவர் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

கடற்கரைக்கு அப்பாலுள்ள நம் மலைத்தோட்டங்களும் பேரிடர் அறியாதவை அல்ல. 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் பல லயன்களை விட்டு ஓடின. வன்னியிற் குடியேறியோரும் உளர். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புலத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயன் வீடுகள் புதையுண்டன.

நிவாரணம் என்றால் அரிசி, துணி, கூரை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். தகரக் கூரையில் மழை இரைந்தால் உறங்காத பிள்ளையும், வகுப்பில் வெறித்து நோக்கியிருக்கும் பிள்ளையும் காயம்பட்ட பிள்ளைகளாக இருக்கலாம். சோம்பேறி என்று ஆசிரியர் அடிப்பதும், பயந்த கோளாறு என்று வீட்டார் நூல்கட்டி அத்துடன் விட்டுவிடுவதும் தீர்வாகா. திருநீறு தரும் ஆறுதலை நான் குறைகூறேன். ஆனால் அந்த ஆறுதலோடு அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் அப்பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும்.

இச்சிகிச்சையை ஆசிரியர் தாமே செய்து பார்த்தல் தகாது. பயிற்சியற்றவர் கிளறும் நினைவு, ஆறும் புண்ணைக் கீறுவதாகும். ஆசிரியர் செய்யத்தக்கது காயத்தைக் காயம் என்று அறிவது, அடிக்காதிருப்பது, உரியவரிடம் சேர்ப்பது. அந்த உரியவர், பிள்ளை அழும் மொழியிலேயே அதன் சொல்லைக் கேட்கவல்லவராக இருத்தல் வேண்டும். விரலை அசைக்கப் பொருட்செலவு இல்லை. விரலசைக்கக் கற்றவரை உருவாக்கவே முயற்சி வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகளில் உயர்தரம் கற்கும் மாணவருட் சிலரேனும் அத்துறைக்குச் செல்வார்களாயின், அடுத்த மழைக்காலத்திற்கு நாம் செய்யும் நல்ல ஆயத்தம் அதுவாகும்.