வௌவாலுக்கு நாம் பட்ட கடன்



“வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், நீயும் தொங்கு நானும் தொங்கு” என்று நம் பாட்டிமார் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அதே வௌவால் அந்தி நேரத்தில் வாசலில் தாழப் பறந்துவிட்டால், “சனியன் வருது, விரட்டுடா!” என்பார்கள். பையன்களும் உண்டிவில்லை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அப்படி விரட்டப்படும் அந்தப் பிராணியின் சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள். அது நம் ஈப்போவின் சரித்திரமும்கூட.

சிலிபினிலிருந்து பார்த்தால் தெரியும் சுண்ணாம்புக் கல்மலைகளை நாம் தைப்பூசத்தன்று கல்லுமலைக்குப் போகும்போது அண்ணாந்து பார்க்கிறோம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே மலையின் மேல்பக்கம் வறண்டே கிடக்கும். ஆனால் இறங்கிய அந்தத் தண்ணீர்தான் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. அந்தக் குகைகளே வௌவால்களின் வீடு.

நம் மலைகளைப் போலவே சுண்ணாம்புக் கல்லால் ஆனது சிலாங்கூரில் உள்ள பத்துமலை. அங்கே 1892-இல் தைப்பூசம் தொடங்குவதற்கு முன்பே, 1860-ஆம் ஆண்டுகளில், சீனத் தோட்டக்காரர்கள் குகைக்குள் போய் வௌவால் எச்சத்தை மூட்டை மூட்டையாக அள்ளி வந்தார்கள். எதற்குத் தெரியுமா? காய்கறிக்கு உரமாகப் போடத்தான்! மனிதன் வௌவாலிடம் பட்ட முதல் கடன் அது.

இரண்டாவது கடன் இன்னும் பெரியது. 1970-ஆம் ஆண்டுகளில் ஸ்டார்ட் என்ற ஆராய்ச்சியாளர் பத்துமலையில் தங்கும் தேன் வௌவால்களை ஆராய்ந்தார். அவற்றின் எச்சத்தில் கலந்திருந்த மகரந்தத்தைப் பார்த்து, அவை எந்தெந்தப் பூவைத் தேடிப் போகின்றன என்று கண்டுபிடித்தார். டுரியான் பூ சாயங்காலம் விரிந்து, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்தான் அதற்கு மகரந்தம் சுமக்கும் கூலியாள். ஆனால் டுரியான் பூப்பது சில வாரங்கள்தானே? மற்ற நாள்களில் வௌவால் என்ன செய்யும்? கடலோரச் சதுப்புக் காட்டுப் பூக்களைத் தேடி, சுமார் 38 கிலோமீட்டர் வரை பறந்து போகிறதாம்! குகை, டுரியான் தோப்பு, கடலோரக் காடு ஆகிய மூன்றில் ஒன்று போனாலும் வௌவாலின் பாடு திண்டாட்டந்தான்.

சரி, வௌவாலால் கெடுதலே இல்லையா? அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் கிளம்பியது. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்து மருந்துப் புகை அடித்தார்கள்; தடுப்பூசி போட்டார்கள். பயன் இல்லை. 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் உண்மையான கிருமியைக் கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு ‘நிப்பா’ என்று பெயர் வந்தது. மொத்தத்தில் நம் நாட்டில் 265 பேர் நோயில் விழுந்து, 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. எப்படி வந்தது? பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதனுக்குத் தொற்றியது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள். கொட்டகை ஓரத்தில் மரத்தை வைத்தது வௌவாலா, மனிதனா? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். தியோமான் தீவுப் பழந்தின்னி வௌவாலிடம் நிப்பா கிருமி இருப்பதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே தீவில், அதே இன வௌவால் டுரியான் பூவைக் கெடுக்காமல் தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பதை, ஷீமா அப்துல் அஸீஸ் குழுவினர் மரத்தில் கேமரா கட்டிப் படமெடுத்து 2017-இல் வெளியிட்டார்கள். நாம் பயப்படும் பிராணியும் நமக்குப் பழம் தரும் பிராணியும் ஒன்றேதான்!

ஆகவே பெற்றோர்களே, வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் தின்ன விடாதீர்கள். ஆடு, மாடு, கோழிக் கொட்டகைக்கு மேலே பழமரம் வேண்டாம். மாணவர்களே, வௌவாலைத் தொடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம், குகைக்குள் புகை போடவும் வேண்டாம். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் இனம் அது. அழித்தால் சீக்கிரத்தில் திரும்பி வராது.

கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கல்லுடைக்கும் சத்தம் இன்னும் ஓயவில்லை. வெட்டிய மரத்தை மறுபடி நடலாம். உடைத்த மலையை யாரால் நட முடியும்?

அடுத்த டுரியான் பருவத்தில் ஒரு சுளையை வாயில் போடும்போது, இரவெல்லாம் கூலி வாங்காமல் உழைத்த அந்தக் கறுப்புச் சிறகுக்காரனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.