பள்ளி நடன விழாவும் பால்புதுமையரும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உயர்நிலைப் பள்ளி இறுதி ஆண்டு மாணவர்களுக்காக நடத்தப்படும் நடன விழா ‘பிராம்’ எனப்படுகிறது. கல்லூரிகளில் தோன்றிய இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பள்ளிகளுக்குப் பரவியது. ஆணும் பெண்ணும் இணையாக வருவதே இதன் எழுதப்படாத விதியாக இருந்தது. தன்பாலீர்ப்புடைய மாணவர் பலர் எதிர்பாலின நண்பர் ஒருவருடன் சென்று தம்மை மறைத்துக்கொண்டனர். வேறு பலர் விழாவுக்கே செல்லவில்லை.

1980 வழக்கு

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கம்பர்லாந்து உயர்நிலைப் பள்ளியில் 1979-ல் பால் கில்பர்ட் என்ற மாணவர், ஓர் ஆணை விழாவுக்கு அழைத்துவர அனுமதி கேட்டார். பள்ளி மறுத்தது. செய்தி வெளியானபின் சக மாணவர்கள் அவரைத் துன்புறுத்தினர். மறு ஆண்டு இறுதி வகுப்பிலிருந்த ஆரன் ஃபிரிக், கில்பர்ட்டையே தன் இணையாக அழைத்துவர விரும்பினார். கலவரம் மூளும் என்று கூறி முதல்வர் ரிச்சர்ட் லிஞ்ச் மறுக்கவே, ஃபிரிக் நீதிமன்றம் சென்றார். இதற்கிடையில் பள்ளியில் ஒரு மாணவர் அவரைத் தாக்கியதில் கண்ணுக்குக் கீழே ஐந்து தையல்கள் போடப்பட்டன.

1980 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி ரேமண்ட் பெட்டின் ஃபிரிக்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தான் விரும்பும் இணையுடன் விழாவுக்கு வருவதும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடே. அது அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தால் காக்கப்படுகிறது என்றார். பிறர் வன்முறையில் இறங்கக்கூடும் என்பதற்காக ஒருவரின் உரிமையைப் பறிக்கக் கூடாது, பள்ளிதான் பாதுகாப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இருவரும் விழாவுக்குச் சென்று நடனமாடினர். தன் அனுபவங்களை ஃபிரிக் 1981-ல் நூலாக எழுதினார்.

அடுத்த தலைமுறை

2002-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பள்ளி மாணவர் மார்க் ஹால், தன் ஆண் நண்பருடன் விழாவில் பங்கேற்க நீதிமன்ற ஆணை பெற்றார்.

2010-ல் மிசிசிப்பி மாநிலத்தின் இடவாம்பா மாவட்டத்தில் கான்ஸ்டன்ஸ் மெக்மிலன் என்ற மாணவி தன் தோழியுடன், ஆண்களுக்குரிய டக்சீடோ உடையில் வர அனுமதி கேட்டார். பள்ளி நிர்வாகம் விழாவையே ரத்து செய்தது. அவரது உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் பெற்றோர் தனியாக விழா நடத்துவதாகக் கூறப்பட்டதால், பள்ளி விழாவை நடத்தும்படி ஆணையிடவில்லை. ஆனால் கான்ஸ்டன்ஸ் சென்ற இடத்தில் ஏழு மாணவர்களே இருந்தனர் என்று அவர் தெரிவித்தார். மற்றவர்களின் விழா வேறோர் இடத்தில் நடந்தது. பின்னர் நிர்வாகம் 35,000 டாலர் இழப்பீடு வழங்கவும், பாகுபாட்டைத் தடுக்கும் கொள்கையை ஏற்கவும் ஒப்புக்கொண்டது.

முக்கியத்துவம்

முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இவ்விரு வழக்குகளிலும் மாணவர்களின் உரிமையை நீதிமன்றம் ஏற்றது. ஃபிரிக்குக்கு அரங்கின் கதவு திறந்தது. அங்கே சக மாணவர்களும் இருந்தனர். கான்ஸ்டன்ஸுக்குச் சட்டம் துணைநின்றும் வகுப்புத் தோழர்களுடன் ஆடும் அந்த ஒரு மாலை கிடைக்கவில்லை. இழப்பீட்டால் அதைத் திருப்பித் தர இயலவில்லை. எனினும் அவர் பெற்ற கொள்கை மாற்றம் அதே மாவட்டத்தில் பின்னர் படிக்க வரும் மாணவர்களுக்கு உரியதாயிற்று.