பேத்தி கேட்ட பச்சை

போன மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். "அப்புச்சி, நம்ம ஊருப் பறவை, பூ, பழம் மூணும் இருக்கற மாதிரி ஒரு படம் வரைஞ்சு குடுங்க. கையில டாட்டூ போட்டுக்கறேன்."

முப்பத்திரண்டு வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஆனால் தோலுக்கென்று எதையும் வரைந்ததில்லை. "அதெல்லாம் வேண்டாம் கண்ணு" என்றேன். அப்படிச் சொன்னதும் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பத்தாவின் வலது கையில் புள்ளிக் கோலம், இடது கையில் தேள். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சோறு கொண்டுவந்தார். பையன்கள் அவர் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். "பக்கத்து வீட்டுப் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். அறுபது வருஷம் ஆகியும் அது உறுத்துகிறது.

பச்சை குத்தியது எப்படி என்று அவரே சொல்லியிருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் முடிந்து, எண்ணெய் விளக்கில் எரித்துக் கரி பிடிப்பார்களாம். அதைக் குழைத்து ஊசியால் குத்தினால் கறுப்பு மை தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும். வலி தெரியாமலிருக்கக் குறத்தி பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாள். கூலி ஒரு படி அரிசியும் பழைய சேலையும். "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்" என்பார் அப்பத்தா.

சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். குறவர் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியது அதிலும் பதிவாகியிருக்கிறது. தொழில் பதிவானது. குத்தியவர்களின் பெயர் பதிவாகவில்லை.

இந்த நினைப்பெல்லாம் வந்தபிறகு பேத்தியை நானே கூப்பிட்டு, வரைந்து தருகிறேன் என்றேன். எந்தப் பறவை, எந்தப் பூ என்பதில் சிரமமில்லை. மரகதப்புறா, செங்காந்தள், பலா மூன்றும் தமிழ்நாட்டின் அரசு அடையாளங்கள். மாதிரிக்கு அவள் இணையத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதில் பலாப்பழம் மாங்காய் போலக் கிளை நுனியில் தொங்கியது. பலா அடிமரத்திலும் பருத்த கிளையிலும் அல்லவா காய்க்கும்! புறா மாடப்புறா மாதிரி சாம்பல் நிறம். மரகதப்புறாவுக்கு இறக்கை பச்சை, மார்பு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அலகு சிவப்பு. வால்பாறைக் காட்டுப் பாதையில் ஒரே ஒரு முறை, தரையில் இரை பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காந்தள்தான் கஷ்டம். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அது கண்வலிக்கிழங்கு. விஷக் கிழங்கு. மருந்துக்கு வேண்டிய விதைக்காக மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பயிரிடுகிறார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் பட்டியல் தொடங்குவதே இந்தப் பூவில்தான். ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். மஞ்சளாகத் தொடங்கிச் சிவப்பாகும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்து ஏறும். அந்தச் சுருளை விட்டுவிட்டால் அது காந்தளே இல்லை.

இப்படி உற்றுப் பார்த்து வரைந்தவர்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட் 1840-களில் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணையைப் பார்த்துக்கொண்டே செடிகளை ஆராய்ந்தார். 1853-ல் முடிந்த அவருடைய தாவரப் படத் தொகுதிகளில் 2000-க்கும் மேற்பட்ட படங்கள். வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். படத்தின் கீழே அவர்கள் பெயர் இருக்கிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார் வைட். இப்போது அந்தப் பெயர் வழக்கில் இல்லாவிட்டாலும், கோவிந்து என்று ஒருவர் இருந்தார் என்பது அதனால் தெரிகிறது.

மூன்று தடவை வரைந்தேன். கை முன்போல நிற்பதில்லை. தோலில் மெல்லிய கோடு வருஷம் போகப் போகப் பரவும் என்று பேத்தி சொன்னதால் கோடுகளைக் குறைத்தேன். சுருளை மட்டும் விடவில்லை. போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

"நல்லா இருக்கு அப்புச்சி. மூலையில உங்க பேரைப் போடுங்க, அதையும் சேர்த்தே குத்திக்கறேன்" என்றாள்.

பேனாவை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பத்தாவின் கையில் எழுதியவள் பெயர் என்ன? அப்பத்தா 'குறத்தி' என்றுதான் சொன்னார். நானும் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை.

படத்தின் அடியில் அப்பத்தாவின் புள்ளிக் கோலத்தை நினைவிலிருந்து சிறிதாகப் போட்டேன். ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். என் பெயரை எழுதவில்லை.