காத்து வாங்குறது

காசு கொடுக்காமல் வாங்கக்கூடியது காற்று ஒன்றுதான் என்று பட்டிமன்றத்தில் யாராவது சொன்னால் கைதட்டல் நிச்சயம். வாங்குவது என்றாலே விலை கொடுப்பது என்ற நினைப்பில் பிறந்த வேடிக்கை அது. ராயபுரத்தில் ஷிப்டு முடிந்து வந்தவர் குளித்துவிட்டு, “காத்து வாங்கிட்டு வரேம்மா” என்று படியிறங்கும்போது அவர் பேச்சில் இருப்பது அதைவிடப் பழைய வாங்கு.

வளைதல், இழுத்தல் என்பவை அதன் பழைய பொருள்கள். சங்கப் பாடல்களில் வளைந்த மூங்கில் ‘வாங்கு அமை’. வில்லை வாங்கினான் என்றால் நாணை இழுத்து வளைத்தான் என்று பொருள். அங்கே இழுப்பும் வளைவும் ஒரே காரியம். தன் பக்கம் இழுத்தது கைக்கு வந்து சேரும், அதனால் பெறுதல், பெறுதலிலிருந்து கடைத்தெரு. கடைக்குப் போன பிறகும் இந்தச் சொல் முழு வியாபாரி ஆகிவிடவில்லை. ‘விலைக்கு வாங்கினேன்’ என்று இன்னமும் விலையைத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. அடி, திட்டு, நல்ல பேர் எல்லாம் வாங்குகிறோம், எதற்கும் பில் கிடையாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடல் உள்வாங்கிவிட்டது என்று செய்தி வந்தாலே கரையோரம் கலங்குகிறது. (ஈழத்தில் பெஞ்சுக்கும் வாங்கு என்றே பேர். அது போர்த்துக்கீசிய ‘பாங்கோ’ வழியில் வந்தது. நம் வாங்குக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் வாங்கில் உட்கார்ந்தே காற்று வாங்கலாம்.)

காற்றும் இழுபட்டுத்தான் வருகிறது. வெயிலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடேறும்; தரைமேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மே மாதத்தில் மேற்குக் காற்று பலமாக அடித்தால் இது தாமதமாகும், அன்று ஊர் வெந்துபோகும்.

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னைத் துரைமார்கள் காற்று வாங்க எண்ணூருக்குப் போனார்கள். இன்றைக்கு அதை நம்புவது கஷ்டம். அந்தக் கரையின் மணலை முதலில் பறித்தது சென்னைத் துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துப்போயிற்று. மெரினாவில் நடைபாதை போட்டவர் 1881 முதல் 1886 வரை கவர்னராயிருந்த கிராண்ட் டஃப். ஊரே போய்க் காற்று வாங்கும் அந்த மணலில் ஒரு பங்கு, வழிமறிக்காமல் விட்டிருந்தால் திருவொற்றியூருக்கு வந்திருக்கும். இங்கே இருப்பது கருங்கல் குவியல். அதன்மேல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். முதுகுப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை.

அடுத்து காற்றே கெட்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது; பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சு முட்டி, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். கடலிலிருந்து வரும் காற்று நல்ல காற்று என்பது கரையோரத்துக்காரர்களின் நெடுநாள் நம்பிக்கை. அன்று வினை வந்ததும் கடல் பக்கமிருந்துதான்.

வழக்கம் நிற்கவில்லை; பேர்தான் மாறிவருகிறது. படித்தவர் வீடுகளில் இப்போது ‘வாக்கிங்’. அதற்கு ஷூ உண்டு, இத்தனை அடி என்று இலக்கு உண்டு, குறைந்தால் மணிக்கட்டுக் கடிகாரம் கண்டிக்கும். மனசை அமைதிப்படுத்த, மூச்சை இழு, விடு என்று செல்போனே சொல்லித்தருகிறது. காத்து வாங்குகிறவருக்கு இலக்கு இல்லை. போனார், உட்கார்ந்தார், பக்கத்துக் கல்லில் இருப்பவரிடம் “இன்னிக்கு மீன் எப்படிண்ணே?” என்று கேட்டார், இருட்டியதும் எழுந்தார். உடம்புக்கு எது அதிக நல்லது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். பத்து மணிநேரம் மெஷின் சத்தத்தில் நின்றவருக்கு இன்னொரு கணக்கைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆளில்லாத தியேட்டரைப் பார்த்து ‘காத்து வாங்குது’ என்பதும் சென்னைப் பேச்சுதான். அங்கே சொல்லுக்கு மதிப்பு இறங்கிவிட்டது. கரையில் இன்னும் இறங்கவில்லை: அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. அங்கே சாயங்காலம் உட்கார இடம் பிடிக்கச் சீக்கிரம் போகவேண்டும்.